விற்றால்தானே நஷ்டம் என்று சொன்ன நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் கூட்டுறவு நகர வங்கியின் நிர்வாகக் குழுவினருக்கும் பொது மேலாளர் அவர்களுக்கும்,

இந்த ஆண்டு நீங்கள் உறுப்பினர்களுக்குக் கொடுத்த ஆண்டறிக்கையில் ஒரு வரியைக் காணவில்லை. முன்பெல்லாம் ஐந்தொகையில் 'முதலீடுகள்' என்ற தலைப்பின் கீழ், உள்பக்கக் கட்டத்தில், பொடி எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அரசுப் பத்திரங்களின் முக மதிப்பு, அதாவது முதிர்வில் அரசு திருப்பித் தரும் தொகை. மற்றொன்று அவற்றின் சந்தை மதிப்பு. மங்கலான அச்சு, மட்டமான தாள், ஆனாலும் இருந்தது. இப்போது தாள் வழவழவென்று இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம், பொன்னாடை, குத்துவிளக்கு. முதலீடுகளுக்கு நேராகப் புத்தக மதிப்பு, அதாவது வங்கி தன் கணக்கில் எழுதி வைத்திருக்கும் மதிப்பு மட்டும் நிற்கிறது. பத்திரங்களின் பெயர்ப் பட்டியல் இருந்த பின்னிணைப்பும் இல்லை.

பேரவைக் கூட்டத்தில் எழுந்து, பத்திரங்களின் சந்தை விலை இறங்கியதைக் காட்டும் அந்த வரி எங்கே என்று கேட்டேன். மேடையிலிருந்து வந்த பதில் இதுதான்: "அது பேப்பர் லாஸ்ணே. வித்தாத்தானே நஷ்டம்? வச்சிருந்தா முழுசா வந்துரும். உக்காருங்க, மத்தவங்களும் பேசணும்ல." மற்றவர் யாரும் பேசவில்லை. கைதட்டலில் கணக்கு நிறைவேறியது. ஸ்வீட், காரம் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு எல்லோரும் பஸ் ஏறப் போய்விட்டார்கள். கூட்டத்தில் கிடைக்காத நேரத்தை இந்த மடலில் எடுத்துக்கொள்கிறேன்.

வங்கியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், உறுப்பினர்களுக்கும் தெரியும், அது போதும். ஊரைக் கூட்டி கவுன்டரில் வரிசை நிற்கவைப்பது என் நோக்கம் இல்லை. என் சேமிப்பும் அங்கேதான் இருக்கிறது. கீழமாசி வீதிக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். யாரும் பணத்தைச் சுருட்டிவிட்டதாக நான் சொல்லவில்லை. வங்கி வைத்திருப்பவை மத்திய அரசும் மாநில அரசும் கொடுத்த பத்திரங்கள், அவை முதிர்வு நாளில் வந்து சேரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கேட்பது அதுவரை நடக்கப்போவதைப் பற்றி.

முதலில், இந்த நஷ்டம் எங்கிருந்து வந்தது என்பதைக் கைதட்டிவிட்டுப் போன உறுப்பினர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2020 மே மாதம் கொரோனா நெருக்கடியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான வட்டியை, 4 சதவீதத்துக்கு இறக்கியது. கடைகள் பூட்டிக் கிடந்தன, கடன் கேட்க ஆள் இல்லை. டெபாசிட் மட்டும் வந்து குவிந்தது. அந்தப் பணத்தை அரசுப் பத்திரங்களில் போட்டீர்கள். அப்போது வந்த பத்திரங்களின் வட்டியைப் பாருங்கள்: 2030இல் முதிர்வது 5.77 சதவீதம், 2035இல் முதிர்வது 6.22 சதவீதம், 2050இல் முதிர்வது 6.67 சதவீதம். உங்கள் பழைய பின்னிணைப்பில் இந்த மூன்றும் இருந்தன, தமிழ்நாடு அரசின் கடன் பத்திரங்கள் சிலவும் இருந்தன.

2022 மே மாதம் ரெப்போ ஏறத் தொடங்கியது. 2023 பிப்ரவரிக்குள் 6.50 சதவீதம். சந்தையில் புதுப் பத்திரம் 7.26 சதவீத வட்டியோடு கிடைக்கும்போது, 5.77 சதவீதப் பத்திரத்தை யார் முழு விலைக்கு வாங்குவார்? எட்டு ஆண்டு பாக்கி இருக்கும் அந்தப் பத்திரத்துக்குச் சந்தை 7.5 சதவீத வருமானம் கேட்டால், 100 ரூபாய்த் தாள் 90 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போகும். ஒரு கோடிக்கு 10 லட்சம் அடி. இதில் மர்மம் எதுவும் இல்லை, வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். எத்தனை நீண்டகாலப் பத்திரமோ அத்தனைக்கு வட்டியின் ஒவ்வொரு அசைவும் விலையில் பெரிதாகத் தெரியும்.

இங்கேதான் உங்கள் 'விற்றால்தானே நஷ்டம்' வருகிறது. அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2023 நிலவரப்படி, 2050 பத்திரத்தில் ஒரு கோடி ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 6 லட்சத்து 67 ஆயிரம் வட்டி வரும். அதே மாதிரி நீண்டகாலப் பத்திரம் சந்தையில் 7.4 சதவீதம் தருகிறது என்றால், அன்று வாங்குகிறவருக்கு 7 லட்சத்து 40 ஆயிரம் கிடைக்கும். வித்தியாசம் ஆண்டுக்கு 73,000 ரூபாய். இந்த 73,000 ஒவ்வொரு ஆண்டும் நம் வங்கிக்கு வராது. 27 ஆண்டுக்கு வராமல் போகிற அந்தத் தொகையை எல்லாம் அன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் எட்டரை லட்சம். பத்திரத்தின் சந்தை விலையும் 91 ரூபாய் 50 காசு அளவில், அதாவது கோடிக்கு எட்டரை லட்சம் குறைவாகத்தான் நிற்கும். இரண்டும் ஒரே எட்டரை லட்சம். விற்றால் ஒரே நாளில் மொத்தமாகப் போகிறது. விற்காவிட்டால் 27 ஆண்டு தவணையில் போகிறது. வைத்திருந்தால் அசல் முழுசாக வரும் என்பது உண்மை. நஷ்டம் இல்லை என்பது உண்மை இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் வங்கி எஃப்.டி.க்கு ஏழரை சதவீதம் கொடுத்த காலம் இருந்தது, மூத்த குடிமக்களுக்கு அதற்கும் மேலே. ஏழரைக்கு வாங்கிய டெபாசிட் 6.67இல் உட்கார்ந்திருந்தால், கோடிக்கு ஆண்டுக்கு 83,000 ரூபாய் கையிலிருந்து போகிறது. ஊழியர் சம்பளம், கிளை வாடகை எல்லாம் அதற்கு அப்புறம். 'கடன் கிராக்கி குறைந்ததால்' லாபம் குறைந்தது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். நகைக்கடன் வாங்க ஜனம் நிற்கிற வரிசையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. லாபக் குறைவில் எவ்வளவு பங்கு இந்தப் பத்திரங்களுடையது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நகைக்கடன் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. 2013 ஏப்ரலில் தங்கம் சட்டென்று சரிந்தது நினைவிருக்கும். அப்போது இதே வங்கியிலிருந்து எங்கள் தெருவில் பலருக்குக் கடிதம் வந்தது: அடகு வைத்த நகையின் மதிப்பு குறைந்துவிட்டது, வித்தியாசத் தொகையைக் கட்டுங்கள், தவறினால் ஏலம். என் அக்காவுக்கும் வந்தது. நானும் கூடப் போனேன். கவுன்டருக்குப் பக்கத்தில் அன்றைய கிராம் விலையை எழுதிப் போட்டிருந்த பலகைக்குக் கீழே நின்றுகொண்டு அக்கா கேட்டாள்: "சார், நான் நகையை விக்கவா போறேன்? திருப்பத்தானே போறேன். வெலை இன்னைக்கு எறங்குனா என்ன, நாளைக்கு ஏறுனா என்ன?" கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அது சரிதாம்மா. ஆனா இன்னைக்கு வெலைக்கு எங்களுக்குப் பாதுகாப்பு இருக்கணும்ல." அக்கா வளையல் ஒன்றை விற்றுத்தான் வித்தியாசத்தைக் கட்டினாள்.

அவர் சொன்னது சரி. நான் அதைக் குறை சொல்லவே இல்லை. நகைக்கடனுக்கு 2025இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதியும் அதே திசையில்தான் போகிறது: முந்தைய 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் விலை, இரண்டில் எது குறைவோ அதை வைத்தே தங்கத்தை மதிப்பிட வேண்டும். நான் கேட்பது இதுதான். உறுப்பினரின் சங்கிலிக்கு இன்றைய விலை, வங்கியின் பத்திரத்துக்கு 2020 விலை. அக்கா அன்று சொன்ன அதே வாதத்தைத்தான் இன்று மேடையில் நீங்கள் சொல்கிறீர்கள். அவளிடம் செல்லாத வாதம் உங்களிடம் மட்டும் எப்படிச் செல்லுபடியாகிறது?

"ரிசர்வ் வங்கி வாங்கச் சொல்கிறது, நாங்கள் என்ன செய்ய?" என்றும் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பாதி உண்மை. டெபாசிட் உள்ளிட்ட பொறுப்புகளில் 18 சதவீதத்தை எஸ்.எல்.ஆர். என்று ஒதுக்கி அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைக்க வேண்டும், அது சட்டம். ஆனால் 30 ஆண்டுப் பத்திரம்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 91 நாள், 182 நாள், 364 நாள் கருவூல உண்டியல்களும், அதாவது அரசின் குறுகியகாலக் கடன் பத்திரங்களும், எஸ்.எல்.ஆர். கணக்கில் சேரும். அவற்றில் வட்டி கொஞ்சம் குறைவாக இருக்கும், அந்த நேரத்தில் மிகக் குறைவாகவே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கூடுதல் வட்டிக்காக நீண்டகாலத்துக்குப் போனது ஒரு முடிவு. முடிவெடுத்தவர்கள் யார், எந்தக் கூட்டத்தில், யாருடைய ஆலோசனையில் என்று அறிய உறுப்பினருக்கு உரிமை இல்லையா?

அதே 2020-21இல் இன்னொன்றும் நடந்தது. கையில் இருந்த பழைய பத்திரங்கள், அதிக வட்டி தருபவை, வட்டி இறங்கியதால் நல்ல விலைக்குப் போயின. அவற்றில் ஒரு பகுதியை விற்றீர்கள். 'முதலீட்டு விற்பனை லாபம்' என்று தனி வரி போட்டு, முகவுரையிலும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டீர்கள். அந்தப் பணத்தில் வாங்கியவைதான் இந்தக் குறைந்த வட்டிப் பத்திரங்கள். விலை ஏறியபோது அது மேடையில் பேச வேண்டிய லாபம். விலை இறங்கியபோது அது வெறும் பேப்பர். இந்த இரட்டைக் கணக்குதான் என்னை எழுதவைத்தது.

அடுத்தது ஹெச்.டி.எம். மாற்றம். தெரியாதவர்களுக்கு: வங்கி தன் பத்திரங்களை முதிர்வு வரை வைத்திருப்பவை, விற்கத் தயாராக வைத்திருப்பவை, வியாபாரத்துக்கு வைத்திருப்பவை என்று மூன்று கூடையில் பிரித்து வைக்கிறது. முதிர்வு வரை வைத்திருப்பதற்குப் பெயர் ஹெச்.டி.எம். அந்தக் கூடையில் இருப்பதைச் சந்தை விலைக்கு மதிப்பிட வேண்டியதில்லை. விற்கத் தயாராக இருக்கும் கூடையில், நிகரமாக மதிப்பு குறைந்தால் அதற்கு லாபத்திலிருந்து ஒதுக்கீடு செய்தாக வேண்டும். ஒரு கூடையிலிருந்து ஹெச்.டி.எம்.முக்கு ஆண்டுக்கு ஒரு முறை, நிர்வாகக் குழு ஒப்புதலோடு மாற்றலாம். மாற்றுகிற அன்று புத்தக மதிப்பு, சந்தை மதிப்பு இரண்டில் குறைந்ததை எடுக்க வேண்டும் என்பது விதி. 'சில பத்திரங்கள் ஹெச்.டி.எம். பிரிவுக்கு மாற்றப்பட்டன' என்று முந்தைய அறிக்கை ஒன்றில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. எந்தப் பத்திரங்கள், என்ன விலைக்கு, அன்று எவ்வளவு குறைவைக் கணக்கில் எடுத்தீர்கள் என்று ஒரு சொல் இல்லை. விதிப்படிதான் செய்திருப்பீர்கள் என்று நம்ப விரும்புகிறேன். நம்புவதற்கு ஒரு அட்டவணை தாருங்கள்.

வணிக வங்கிகளுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் இந்த விதிகளே புதிதாகிவிட்டன. விற்கத் தயாராக வைத்திருக்கும் பத்திரங்களின் ஏற்ற இறக்கம் முழுவதும் தனிக் காப்புநிதி ஒன்றில் பளிச்சென்று தெரியும்படி வைக்கச் சொல்லியிருக்கிறது ரிசர்வ் வங்கி. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். நாடு முழுக்க வெளிப்படையை நோக்கிப் போகும்போது நாம் இருந்த ஒரு வரியையும் எடுத்துவிட்டோம்.

இனி, கூட்டம் முடிந்து படியிறங்கும்போது உங்களில் ஒருவர் என் தோளில் கை போட்டுச் சொன்னது. "அண்ணே, நீங்க சொல்றது புரியுது. ஆனா அதை அச்சடிச்சுக் கொடுத்தா நாளைக்கு வாசல்ல கூட்டம் நிக்கும். நம்ம ஊரைப் பத்தித் தெரியாதா?" இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இதுதான் உங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரே நேர்மையான வாதம். கூடுதல் வட்டி என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு இழுத்துப் பூட்டிய பைனான்ஸ் கம்பெனிகளை இந்த ஊர் எத்தனை முறை பார்த்திருக்கிறது. செல்லூரில் ஒரு வாட்ஸ்அப் வதந்தி கிளம்பினால் டீ ஆறுவதற்குள் வில்லாபுரம் போய்விடும். சூடுபட்டவர்கள் பயப்படத்தான் செய்வார்கள்.

ஆனால் மறைத்துவைத்ததால் கூட்டம் வராமல் போனதா என்று பாருங்கள். அமெரிக்காவில் சிலிகான் வேலி வங்கி என்று ஒன்று இருந்தது. அதுவும் வட்டி குறைந்த காலத்தில் டெபாசிட் குவிந்து, நீண்டகாலப் பத்திரங்களில் போட்ட வங்கிதான். கடன்காரர் ஏமாற்றியதால் விழவில்லை, பத்திரங்கள் பெரும்பாலும் நல்ல பத்திரங்கள். 2022 கடைசியில் அதனிடம் முதிர்வு வரை வைத்திருக்கும் கூடையில் மட்டும் சுமார் 9,100 கோடி டாலர், அதில் லாப நஷ்டக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத நஷ்டம் சுமார் 1,500 கோடி டாலர். வங்கியின் சொந்த மூலதனமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த எண் கணக்குக் குறிப்பில் ஒரு மூலையில் இருந்தது, பெரும்பாலானவர்கள் கண்ணில் படவில்லை. 2023 மார்ச் 8 அன்று, பணம் தேவைப்பட்டு, விற்கத் தயாராக இருந்த பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் நஷ்டம் என்று அறிவித்தார்கள். மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை டெபாசிட்காரர்கள் எடுத்தார்கள். அதற்கு மறுநாள் வங்கி மூடப்பட்டது. வைத்திருந்தால் முழுசாக வந்திருக்கும் பத்திரங்கள்தான். வைத்திருக்க விடவில்லை, அவ்வளவுதான்.

நம் வங்கி அந்த நிலையில் இல்லை என்று நினைக்கிறேன். நம் டெபாசிட்காரர்கள் பென்ஷன்காரர்கள், தறிக்காரர்கள், நெல்பேட்டைக் கடைக்காரர்கள். போனைத் தட்டிப் பணத்தை ஒரே ராத்திரியில் மாற்றுகிறவர்கள் இல்லை. ஐந்து லட்சம் வரை டெபாசிட் காப்பீடும் இருக்கிறது, 2020 பிப்ரவரியிலிருந்து. ஆனால் பி.எஃப். பணத்தை மொத்தமாகக் கொண்டுவந்து போட்ட ஓய்வூதியர்களுக்கு ஐந்து லட்சத்துக்கு மேலேயும் இருக்கிறது. அவர்கள் போட்டிருப்பது ஓராண்டு, ஈராண்டு எஃப்.டி. நீங்கள் போட்டிருப்பது 2050. 'முதிர்வு வரை வைத்திருப்போம்' என்று நீங்கள் கொடுக்கும் வாக்கை நிறைவேற்ற வேண்டியது அந்த ஓய்வூதியர்கள், ஒவ்வொரு முறையும் எஃப்.டி.யைப் புதுப்பித்து. அவர்களிடம் சொல்லாமல் அவர்கள் பெயரில் வாக்குக் கொடுக்க முடியாது.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ 6.50இலிருந்து 5.50க்கு வந்துவிட்டது. 2030 பத்திரத்துக்கு முதிர்வும் நெருங்குகிறது, அதன் விலை பெருமளவு மீண்டிருக்கும். அந்தப் பங்கைப் பொறுத்தவரை உங்கள் பொறுமை பலித்தது, பாராட்டுகிறேன். ஆனால் மிக நீண்டகாலப் பத்திரங்களின் வட்டி ரெப்போ இறங்கிய அளவுக்கு இறங்கவில்லை. 25 ஆண்டு பாக்கி இருக்கும் 6.67 சதவீதப் பத்திரத்துக்குச் சந்தை 7.2 கேட்டாலே விலை 94க்குப் பக்கத்தில்தான். ஐந்தாறு ஆண்டாகியும் ஆறாத நஷ்டத்தைத் தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டே இருக்க முடியாது. நிலைமை தேறியிருக்கிற இந்த நேரத்தில்தான் உண்மையைச் சொல்வது எளிது. வட்டி மறுபடி ஏறும் நாளில் சொல்லப் போனால், நீங்கள் பயப்படுகிற கூட்டம் அன்று நிச்சயம் வரும்.

ஆகவே என் கோரிக்கைகள்.

எடுத்துவிட்ட அந்த வரியை மீண்டும் அச்சிடுங்கள். மூன்று கூடைக்கும் தனித்தனியாக முக மதிப்பு, புத்தக மதிப்பு, சந்தை மதிப்பு, எந்தெந்த ஆண்டில் எவ்வளவு முதிர்கிறது, எல்லாம் தமிழில், ஒரு பக்கத்தில். இதற்குப் பெரிய ஆள் தேவையில்லை. எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் அரசுப் பத்திரங்களின் மதிப்பை ஒவ்வொரு வேலை நாளும் வெளியிடுகிறது, உங்கள் கணக்குப் பிரிவு அதை ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கும். கூடவே, மொத்தக் குறைவு வங்கியின் மூலதனம், காப்புநிதி இரண்டும் சேர்ந்த தொகையில் எத்தனை சதவீதம் என்பதையும் போடுங்கள். எனக்கு மிகவும் வேண்டியது அந்தச் சதவீதம்தான்.

ஹெச்.டி.எம்.முக்கு மாற்றிய பத்திரங்களின் பெயர், மாற்றிய தேதி, அன்றைய சந்தை மதிப்பு, செய்த ஒதுக்கீடு ஆகியவற்றையும், அதற்கு ஒப்புதல் தந்த தீர்மானத்தின் நகலையும் உறுப்பினர்கள் தலைமை அலுவலகத்தில் பார்க்க அனுமதியுங்கள்.

இனி வாங்கும் பத்திரங்களின் முதிர்வுக் காலத்துக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். ஓராண்டு, ஈராண்டு டெபாசிட்டை வைத்து முப்பது ஆண்டுப் பத்திரம் வாங்குவதை நிறுத்துங்கள். பத்திரம் விற்று வரும் லாபத்தை முழுவதும் அந்த ஆண்டே பங்கிடாமல், பத்திர விலை இறங்கும் நாளுக்கென்று வைக்கும் முதலீட்டு ஏற்ற இறக்கக் காப்புநிதியில் விதி கேட்பதற்கு மேலேயே கொஞ்சம் சேருங்கள். அதனால் டிவிடெண்ட் குறைந்தால் நான் முணுமுணுக்க மாட்டேன், இதை எழுத்தில் தருகிறேன்.

பதிலுக்கு அடுத்த பேரவைக் கூட்டம் வரை காக்கவைக்காதீர்கள். அரையாண்டுக் கணக்கு முடிந்ததும், அந்த ஒரு பக்கத்தை ஒவ்வொரு கிளையிலும் கிராம் விலைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கேட்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு ஊழியரை மாலை நேரத்தில் உட்காரவையுங்கள். ஆள் இல்லை என்றால் நான் வந்து உட்காரத் தயார்.

இப்படிக்கு,
உறுப்பினர், டெபாசிட்தாரர்
கீழமாசி வீதி, மதுரை